துக்க வீட்டில் என்ன சொல்வது?

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சொற்கலை ஆசிரியர் தந்த பாடம்



மரணம் நிகழ்ந்த ஒரு வீட்டின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது எம்மில் அநேகருக்கு உண்டாகும் தவிப்பு ஒன்றுதான்: என்ன சொல்வது? வாய் நிறையப் பேசுகின்றவரும் அந்த முற்றத்திலே ஊமையாகிவிடுகின்றார். "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கின்றோம். தூரத்தில் உள்ளவர்களோ வழக்கமான நாலு வரிகளை எழுதி அனுப்பிவிடுகின்றனர். சொன்னவருக்குக் கடமை முடிந்தது. கேட்டவருக்கோ அழுகை முடியவில்லை.

கொவிட் நோய் பரவிய 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் இந்தத் தவிப்பு இரட்டிப்பாயிற்று. அந்த வீட்டுக்குப் போகவே வழியில்லாதிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆறுதலும் எடுபட்டுப் போயிற்று. சொல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் தொலைபேசியிலே. அப்போதுதான் எமது ஆறுதற் சொற்கள் எவ்வளவு மெலிந்தவை என்பதைப் பலர் கண்டுகொண்டனர்.

1,700 ஆண்டுகளுக்கு முன்னரும் ஒருவர் இதே கேள்வியின் முன் நின்றார். அவர் சாதாரண மனிதரல்லர். எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்று மற்றவர்களுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். பின்னர் ஆயரானவர். அவர் பெயர் புனித சிப்பிரியான். திருப்பலியில் குருவானவர் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது, கொர்னேலியுஸ் என்னும் பெயரை அடுத்து நாம் கேட்பது இவருடைய பெயரே. கொள்ளைநோயின் நடுவிலே இவர் எழுதிய ஒரு சிறு நூலை இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. சொல்லே தொழிலாக வாழ்ந்தவர்

வட ஆபிரிக்காக் கரையிலே, இன்று துனீசியா என்று அழைக்கப்படும் நாட்டில், கார்த்தேஜ் என்னும் பெருநகர் இருந்தது. உரோம இராச்சியத்தின் மேற்குப் பகுதியில், ரோமாபுரிக்கு அடுத்ததாக எண்ணப்பட்ட நகரங்களுள் அதுவும் ஒன்று. அங்கே வசதி படைத்த குடும்பத்திலே, கிறிஸ்தவரல்லாதவராகப் பிறந்து வளர்ந்தவர் சிப்பிரியான். சொற்கலை கற்பிக்கும் ஆசிரியராக அந்நகரிலே பெரும் புகழ் பெற்றிருந்தார் என்று புனித எரோணிமுஸ் குறித்து வைத்திருக்கின்றார்.

சொற்கலை என்றால் என்ன? அக்காலத்து உயர்கல்வியே அதுதான். நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியவர்களும், சபையில் பேச வேண்டியவர்களும், அரச பதவியை நாடியவர்களும் இந்த ஆசிரியர்களிடமே வந்தார்கள். பேச வேண்டிய பொருளைக் கண்டுபிடித்தல், அதை ஒழுங்குபடுத்தல், அழகிய நடையில் அமைத்தல், மனதில் இருத்தல், குரலும் கையும் பொருந்தப் பேசுதல் என ஐந்து படிகளாக அது கற்பிக்கப்பட்டது. கற்பனை வழக்கொன்றைக் கொடுத்து, இன்று ஒரு பக்கத்துக்காகவும் நாளை எதிர்ப்பக்கத்துக்காகவும் மாணவனைப் பேசச் செய்வார்கள்.

இறந்தோர் வீட்டாரைத் தேற்றுவதற்கும் அந்தக் கலையில் ஆயத்தமான சரக்கு இருந்தது. சாவு எல்லாருக்கும் பொது, காலம் துயரை ஆற்றும், இறந்தவர் இவ்வுலகத் தொல்லைகளுக்குத் தப்பினார், அழுவதால் பயனில்லை. சிசெரோ, செனெக்கா போன்ற பேரறிஞர்களும் இவ்வகையில் எழுதினார்கள். ஆகவே, ஆறுதல் வார்த்தைக்கு எந்நாளும் பஞ்சப்படாத மனிதர் சிப்பிரியான்.

ஏறக்குறைய 246ஆம் ஆண்டில், செசிலியானுஸ் என்னும் முதிய குருவானவரின் வழிகாட்டலினால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தம் உடைமையிற் பெரும்பகுதியை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே கார்த்தேஜ் நகர மக்கள் அவரைத் தங்கள் ஆயராக்கிக்கொண்டார்கள். ஆசிரியராகப் பெற்ற திறமை அனைத்தும் இப்போது ஒரு மந்தைக்குச் சொந்தமாயிற்று. அந்தத் திறமை உண்மையானதா, வெறும் ஓசைதானா என்று சோதிக்கும் காலமும் விரைவிலே வந்தது.

2. நோய் வந்த விதம்

முதலில் வந்தது வேதகலாபனை. 250ஆம் ஆண்டில், தேசியுஸ் சக்கரவர்த்தியின் கட்டளைப்படி எல்லாரும் உரோம தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அத்தாட்சிப் பத்திரமும் பெறவேண்டியிருந்தது. பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பணங்கொடுத்துப் பத்திரத்தை மட்டும் வாங்கினர். சிலர் சிறையில் மாண்டனர். சிப்பிரியான் மறைந்திருந்து கடிதங்கள் மூலம் திருச்சபையை நடத்தினார். 251இல் அவர் திரும்பி வந்தபோது சபை பிளவுபட்டுக் கிடந்தது. தவறியவர்களை மீண்டும் ஏற்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்நிலையில், 252ஆம் ஆண்டளவில், கொள்ளைநோய் நகருக்குள் நுழைந்தது.

இந்நோய் உரோம இராச்சியம் எங்கும் பரவி, இடையிடையே தணிந்தும் மீண்டும் எழுந்தும், பத்தாண்டுகளுக்கு மேலாக நின்று வாட்டியது. 270இல் இறந்த சக்கரவர்த்தி குளோடியுஸும் கொள்ளைநோயினாலேயே மாண்டார். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் ஆயராயிருந்த தியோனீசியுஸ் தந்த ஒரு கணக்கு எம்மைத் திகைக்க வைக்கின்றது. தானியம் பெறுவோர் இடாப்பில் முன்னர் 40 வயது முதல் 70 வயது வரை இருந்தோரின் தொகைக்கு, இப்போது 14 வயது முதல் 80 வயது வரை உள்ள அனைவரையும் சேர்த்தாலும் ஈடாகவில்லை என்கின்றார் அவர்.

கார்த்தேஜில் நிகழ்ந்ததை, சிப்பிரியானோடு கூட இருந்த போன்சியுஸ் என்னும் தியாக்கோன் தம் ஆயரின் வரலாற்றிலே எழுதிவைத்தார். நோய் வீடு வீடாக வரிசையாய் நுழைந்தது. மக்கள் நடுங்கி ஓடினார்கள். நோயாளியை வெளியே விட்டால் சாவையும் வெளியே விட்டதாகும் என்பதுபோல், சொந்தப் பெற்றோரையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளினார்கள். தெருக்களில் பிரேதங்கள் கிடந்தன. இறந்தோரின் பொருள்களைச் சூறையாடுவோரும் எழும்பினார்கள்.

பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் இதற்குச் 'சிப்பிரியானின் கொள்ளைநோய்' என்றே பெயரிட்டனர். நோயின் குறிகளை எமக்கு விரிவாகச் சொல்லிவைத்தவர் அவரே. பலருடைய பெயர்கள் அவர்கள் வென்ற போருக்கும் கட்டிய நகருக்கும் நிலைத்தன. இந்த ஆசிரியரின் பெயரோ, தம் மக்கள் பட்ட வேதனையை உள்ளபடி எழுதியதற்காக ஒரு நோயோடு ஒட்டிக்கொண்டது.

3. மக்களின் கேள்விக்கே மறுமொழி

அந்நாட்களில் அவர் எழுதிய நூலின் பெயர் 'மரணத்தைப் பற்றி'. இலத்தீனில் 'தே மொர்த்தாலித்தாத்தே' என்பர். 26 சிறு அதிகாரங்களைக் கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் வாசித்து முடிக்கலாம். சபையிலே சகோதரர்களை நோக்கிப் பேசுவதுபோலவே அமைந்திருக்கின்றது.

இதை வாசிக்கும்போது நாம் முதலிற் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆசிரியர் தமக்கு விருப்பமான பொருளை எடுத்துப் பேசவில்லை. மக்கள் வாயிலிருந்து வந்த கேள்விகளையே எடுத்துக்கொள்கின்றார். இரண்டு கேள்விகள் முக்கியமானவை.

முதலாவது: நாம் ஆண்டவரை விசுவசிக்கின்றோமே, விசுவசியாதவர்களைப் போலவே எமக்கும் ஏன் இந்த நோய் வருகின்றது? இன்றும் இதைக் கேளாதார் யார்? செபமாலை சொல்லும் வீட்டிலும் நோய் வந்தது. சொல்லாத வீட்டிலும் வந்தது. சிப்பிரியான் இதற்கு மறைபொருள் ஒன்றும் தேடவில்லை. எல்லாரும் அறிந்தவற்றைக் காட்டுகின்றார். மழை பொய்த்தால் வறட்சி எல்லார் வயலுக்கும் பொது. பகைவன் நகரைப் பிடித்தால் சிறைவாழ்வு குடிகள் அனைவருக்கும் பொது. கப்பல் பாறையில் மோதினால் அதில் உள்ள எல்லாருக்கும் அழிவு பொது. இந்த உடலைச் சுமந்திருக்கும் வரையில் உடலின் துன்பமும் எமக்குப் பொது என்கின்றார்.

இது ஏன் ஆறுதலாகின்றது? இறந்தவர்மேல் பழி விழாமல் தடுப்பதனால். கொள்ளைநோய்க் காலத்தில் நோயைவிட வேகமாகப் பரவுவது பழிச்சொல். 'ஏதோ செய்திருப்பார்கள்; அதுதான் வந்தது' என்னும் பேச்சு, ஏற்கனவே உடைந்திருக்கும் நெஞ்சை மீண்டும் உடைக்கின்றது. நகரத்துப் புறச்சமயிகளும் கிறிஸ்தவர்களாலேயே நோய் வந்தது என்று பழி கூறினார்கள். அதற்கு மறுப்பாகத் தெமேத்திரியானுஸ் என்பவருக்குத் தனியாக ஒரு நூலை எழுதினார் சிப்பிரியான். தம் மக்கள்மீது மற்றவர் சுமத்தும் பழியை எதிர்த்தவர், தம் மக்களே ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தவும் இடந்தரவில்லை.

இரண்டாவது கேள்வி எமக்குப் புதுமையாகத் தோன்றலாம்: விசுவாசத்துக்காக இரத்தம் சிந்த ஆயத்தமாயிருந்தேனே, இப்படிப் படுக்கையில் நோயினால் மாண்டால் வேதசாட்சி முடியை இழந்துவிடுகின்றேனே என்று சிலர் வருந்தினார்கள். ஆசிரியரின் மறுமொழி: வேதசாட்சியாவது எமது கையில் இல்லை, அது இறைவனின் கொடை. அவர் தேடுவது எமது இரத்தத்தை அல்ல, எமது விசுவாசத்தையே. இதற்குள்ளும் ஒரு துக்கம் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். நினைத்தபடி வாழவும் முடியவில்லை, நினைத்தபடி சாகவும் முடியவில்லை என்னும் துக்கம் அது. கொவிட் காலத்தில் அவஸ்தைப்பூசுதல் பெறாமல், பிள்ளைகள் சூழ நில்லாமல், தனி வார்டில் கண்மூடிய எத்தனையோ பெற்றோரை நினைக்கும் குடும்பங்களுக்கு இந்த மறுமொழி இன்றும் உரியது. கடைசி வேளை எப்படி அமைந்தது என்பதை வைத்து ஒரு வாழ்க்கையை இறைவன் அளப்பதில்லை.

4. வேதனையை மறைக்காத எழுத்து

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, அவர் நோயைப் பெயர் சொல்லி எழுதுகின்றமை. வயிறு ஓயாது கழிந்து உடல் வலுவிழத்தல், உள்ளே மூண்ட காய்ச்சல் தொண்டையிற் புண்ணாதல், இடைவிடாத வாந்தி, இரத்தம் ஏறிக் கண்கள் எரிதல், சிலருக்குக் கால்கள் அழுகுதல், நடை தளர்தல், காது அடைத்தல், பார்வை மங்கல் என ஒவ்வொன்றாய்ச் சொல்கின்றார். அது எந்த நோய் என்று இக்கால ஆராய்ச்சியாளர்கள் விவாதிப்பதற்கும் இந்தப் பட்டியலே ஆதாரம்.

சொற்கலை ஆசிரியர் ஒருவர் அழகான உவமைகளால் இதை மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர் எதிரே இருந்தவர்கள் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தத் துணிகளைத் துவைத்தவர்கள். அவர்கள் கண்டதைக் காணாதவர்போல் பேசும் ஒருவர், நம்பிக்கையைப் பற்றி என்ன சொன்னாலும் அவர்கள் செவி ஏற்காது. 'இவருக்குத் தெரியும்' என்று கேட்பவர் உணர்ந்த பின்னரே ஆறுதல் உள்ளே இறங்கும். யோபுவையும், கண்பார்வை இழந்த தோபித்தையும் அவர் அதே நூலில் நினைவூட்டுகின்றார்.

எழுதும் பழக்கமுள்ள எல்லாருக்கும் இது ஒரு விதி. துயரத்தைச் சுருக்கிச் சொல்லுகின்ற எழுத்து நம்பிக்கையையும் சுருக்கிவிடுகின்றது.

5. சொல் கைகளுக்கு வந்தது

நூலின் நடுப்பகுதியிலே, அதாவது 16ஆம் அதிகாரத்திலே, ஆசிரியர் கேள்வியைத் திருப்பிவிடுகின்றார். இந்த நோய் எதைச் சோதிக்கின்றது? நோயாளியின் பாவத்தையா? அல்ல, சுகமாய் இருப்பவர்களின் மனத்தையே. சுகமுள்ளோர் நோயுற்றோரைப் பராமரிக்கின்றார்களா? உறவினர் உறவினரை நேசிக்கின்றார்களா? எசமானர் தம் வேலைக்காரர் நோயிற் கிடக்கும்போது இரங்குகின்றார்களா? கெஞ்சும் நோயாளியை வைத்தியர் கைவிடாதிருக்கின்றார்களா? பேராசைக்காரர் சாவைக் கண்டாவது தம் ஆசையை அடக்குகின்றார்களா? இவையே அந்தச் சோதனையின் வினாக்கள் என்கின்றார்.

போன்சியுஸ் சொல்வதைக் கேட்டால் இது பேச்சோடு நிற்கவில்லை என்பது தெரியும். ஆயர் மக்களை ஓரிடத்திற் கூட்டினார். எம்மவரை மட்டும் பராமரிப்பது பெரிதல்ல, அதை எல்லாரும் செய்வார்கள். எம்மை வருத்தியவர்களையும் பராமரிப்பதே கிறிஸ்தவனுக்குரியது என்று போதித்தார். ஓராண்டுக்கு முன்னர்தான் வேதகலாபனை ஓய்ந்திருந்தது. அப்போது தங்களைக் காட்டிக்கொடுத்த அயலவர் எவரென்று அங்கிருந்தோருக்கு நன்றாகத் தெரியும். அவர்களையும் பராமரிக்கச் சொன்னார் ஆயர். அவரவர் நிலைக்கேற்ப வேலைகள் பங்கிடப்பட்டன. பணமுள்ளவர் பணம் கொடுத்தார். இல்லாதவர் பணத்தைவிட மேலான தம் உடலுழைப்பைக் கொடுத்தார்.

அலெக்சாந்திரியாவிலும் இவ்வாறே. குருக்கள், தியாக்கோன்மார், பொதுநிலையினர் பலர் நோயாளரைத் தொட்டுப் பராமரித்து, பிரேதங்களைக் கழுவி அடக்கம் செய்து, தாங்களும் அந்நோயினாலேயே மாண்டதை ஆயர் தியோனீசியுஸ் எழுதியிருக்கின்றார்.

இதே ஆண்டுகளில் இன்னொரு செய்தியும் வந்தது. நுமீதியாப் பகுதியிலே கொள்ளைக் கூட்டத்தார் கிறிஸ்தவர் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றனர். நோயினால் அடிபட்டிருந்த கார்த்தேஜ் சபை அவர்களை மீட்க 1,00,000 செஸ்தெர்சியுஸ் நாணயங்களைச் சேர்த்து அனுப்பியது. பணத்தோடு கொடுத்தவர்களின் பெயர்களையும் அனுப்பி, இவர்களைச் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார் சிப்பிரியான்.

அன்பர்களே, நம்பிக்கை என்றால் என்ன என்பதற்கு இந்த ஆசிரியர் தரும் விளக்கம் இங்கேதான் இருக்கின்றது. 'எல்லாம் நன்றாய் முடியும்' என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. முடியுமோ முடியாதோ, இன்றைக்கு இந்தக் கிண்ணத்தை அந்த வாயருகே கொண்டுபோ என்கின்றார். அந்த நம்பிக்கை கேட்பவனின் காலை எழுப்பி நடக்கச் செய்தது.

6. அழலாமா?

இனி, கடினமான ஒரு பகுதிக்கு வருவோம். 20ஆம் அதிகாரத்திலே, இறந்தோருக்காகக் கறுப்பு உடை அணியவேண்டாம், அவர்கள் அங்கே வெண்ணாடை அணிந்துவிட்டார்களே என்கின்றார் சிப்பிரியான். இறைவனோடு வாழ்கின்றார்கள் என்று சொல்லிக்கொண்டே, அழிந்துபோனவர்களைப் போல அவர்களுக்காகப் புலம்பினால், காண்பவர்கள் எமது விசுவாசத்தையே பொய் என்பார்கள் என்று எச்சரிக்கின்றார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதை வாசித்தால் நெஞ்சு பதறும். அழவும் கூடாதா?

சற்று நின்று கூர்ந்து வாசிக்க வேண்டும். அதே இடத்தில் அவர் ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றார். இறந்தவர்களை இழந்துவிட்டோம் என்று புலம்பலாகாது. ஆனால் முன்னே சென்றவர்களாக எண்ணி ஏங்கலாம். பயணம் போனவர்களுக்காகவும் கப்பலேறியவர்களுக்காகவும் வீட்டார் ஏங்குவதுபோல ஏங்கலாம் என்கின்றார். இந்த உவமையை விளங்கிக்கொள்ள எமது குடும்பங்களுக்கு உரை வேண்டியதில்லை. கடல் கடந்து போன பிள்ளையை நினைத்து ஒவ்வொரு பெருவிழாவிலும் ஒரு தட்டைக் கூடுதலாய்ப் பார்க்கும் தாய்மார் எம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்கள் அழுவதில்லையா? அழுகின்றார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இல்லாமற் போய்விட்டான் என்று அழுவதில்லை. நூலின் கடைசி அதிகாரத்திலே, பெற்றோரும் சகோதரரும் பிள்ளைகளுமாக எம் அன்பர்கள் பெருங்கூட்டமாய் அங்கே எமக்காகக் காத்திருக்கின்றார்கள் என்று முடிக்கின்றார்.

சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் இதுவே. நம்பிக்கை இல்லாதவர்களைப்போலத் துயருற வேண்டாம் என்றாரேயன்றி, துயரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. லாசருடைய கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டதை அருளப்பர் மறைக்காமல் எழுதினார். இத்தனைக்கும் லாசரை உயிர்ப்பிக்கப் போகின்றார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அழுதார். நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே முகத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சிப்பிரியானுக்கு நூறாண்டுகளுக்குப் பின்னர் அதே ஆபிரிக்காவிலே பிறந்து, அதே கார்த்தேஜில் சொற்கலை ஆசிரியராயிருந்த மற்றொருவர் புனித அகுஸ்தீன். 387இல் அவருடைய தாய் மொனிக்கம்மாள் ஒஸ்தியாத் துறைமுகத்தில் இறந்தபோது, அழுவது தகாதென்று எண்ணி அடக்க நேரத்தில் கண்ணீரை முழுப் பலத்தோடும் அடக்கினார். பின்னர் தனிமையில், இறைவன் முன்னிலையில், அடக்கியதைத் திறந்துவிட்டார். அதைத் தம் நூலிலே எழுதி, இதற்காக எவரும் என்னை நகைக்க வேண்டாம், அன்பிருந்தால் என் பாவங்களுக்காக அழட்டும் என்ற கருத்திலே முடித்தார். இரு ஆசிரியர்களையும் சேர்த்து வாசித்தால்தான் பாடம் நிறைவாகும்.

7. எமது நாட்டிலே

கொவிட் நோயினால் இலங்கையில் 16,000க்கும் அதிகமானோர் இறந்தனர். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் கோவிற் கதவுகள் பூட்டியபடியே கழிந்தன. ஏப்ரலில், இந்நோயால் இறந்தோரின் உடல்களைத் தகனமே செய்யவேண்டும் என்று கட்டளை பிறந்தது. சேமக்காலையில் தாய் தந்தையருக்குப் பக்கத்தில் தன்னையும் வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தவர்களின் ஆசை நிறைவேறவில்லை. அடக்கத்தை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் சகோதரருக்கு இது தாங்கொணா வேதனையாயிற்று. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உடல்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

எம்மவரை மட்டும் நினைப்பது பெரிதல்ல என்று கார்த்தேஜ் ஆயர் சொன்னதை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். அந்த மாதங்களில் எமது துக்கத்தை மட்டுமா எண்ணினோம்? அயல் வீட்டு முஸ்லிம் தாயின் துக்கமும் எமக்குத் துக்கமாய் இருந்ததா? நோய் போய்விட்டது; கேள்வி இன்னும் போகவில்லை.

8. ஆறுதல் சொல்ல நான்கு விதிகள்

இதுவரை கண்டவற்றை, வீட்டிலே பயன்படும் நான்கு விதிகளாகத் திரட்டுவோம். நேரிலே பேசுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் இவை பொருந்தும்.

முதலாவது, கேட்டபின் பேசுங்கள். துயருற்றவர் மனதில் இருக்கும் கேள்வி எது என்று அறியும்வரை மறுமொழி சொல்ல வேண்டாம். அநேகருக்கு மறுமொழியே தேவையில்லை. கேள்வியை ஒருவர் பொறுமையாய்க் கேட்டாலே போதும்.

இரண்டாவது, உள்ளதைச் சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவரைப் பற்றி நீங்கள் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். 'தங்கள் தந்தையாரின் மறைவு கேட்டு ஆறாத் துயருற்றோம்' என்னும் வரி எவர் வீட்டுக்கும் பொருந்தும். ஆகவே எவரையும் தொடாது. 'ஐயா பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் விசாரிப்பார். எங்கள் மகன் இன்றைக்கும் அதைச் சொல்கின்றான்' என்று எழுதினால், அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பார்கள்.

மூன்றாவது, காரணம் கற்பிக்காதீர்கள். ஏன் இந்த வீட்டுக்கு, ஏன் இந்த வயதில் என்று விளக்கம் கூறும் உரிமை எமக்குத் தரப்படவில்லை. 'அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்' என்பதும் பழிச்சொல்லே.

நான்காவது, சொல்லை ஒரு செயலிலே முடியுங்கள். 'ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்' என்று விடைபெறுவது சுலபம். துக்கத்தில் இருப்பவர் ஒருநாளும் கேட்கமாட்டார். 'செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருவோம்', 'மரணப் பதிவுக்கு நான் கூட வருகின்றேன்', 'முப்பத்தோராம் நாள் பூசைக்கு அம்மாவை நான் கூட்டிச் செல்கின்றேன்' என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பின் எல்லாரும் மறந்துவிடும்போதுதான் அந்த வீடு மிகவும் தனிமைப்படுகின்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றை எழுதிய ஆசிரியரின் முடிவையும் சொல்லவேண்டும். மரணத்துக்கு அஞ்சவேண்டாம் என்று கற்பித்தவர் 257இல் கூருபிஸ் என்னும் கரையோர ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். 258 செப்ரெம்பர் 14ஆந் திகதி கார்த்தேஜிலே, தம் மக்கள் சூழ்ந்து நிற்க, வாளால் வெட்டுண்டு மாண்டார். தம்மை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி சொன்னார் என்று அந்நிகழ்ச்சியின் பதிவு கூறுகின்றது. தம்மை வருத்துவோருக்கும் நன்மை செய்யுங்கள் என்று கொள்ளைநோய்க் காலத்தில் சொன்ன சொல்லை அந்தக் கடைசி நாழிகையிலும் காப்பாற்றினார். செப்ரெம்பர் 16ஆந் திகதி, பாப்பரசர் கொர்னேலியுசோடு சேர்த்து அவருடைய திருநாளைக் கொண்டாடுகின்றோம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எமது வீட்டில் மரணம் நிகழ்ந்தபோது எவருடைய எந்தச் சொல் அல்லது செயல் எமக்கு உண்மையில் ஆறுதலாயிருந்தது? பிள்ளைகளும் தங்கள் நினைவைச் சொல்லட்டும்.

2. கொவிட் காலத்தில் நெருங்கியவரை இழந்து, முறைப்படி விடைகொடுக்க முடியாமற்போன குடும்பம் எமது பங்கில் உண்டா? அவர்களை இப்போது எப்படிச் சந்திக்கலாம்?

3. வேறு மதத்தைச் சேர்ந்த அயலவரின் துக்கத்தில் நாம் எவ்வளவு தூரம் பங்குகொள்கின்றோம்?

4. இக்கிழமைக்குள் ஒரு கடிதம் எழுதுவோம். ஆறு மாதத்துக்கு முன்னரோ, ஓராண்டுக்கு முன்னரோ துயருற்ற ஒரு வீட்டுக்கு எழுதுவோம். இறந்தவரின் பெயரை அதில் எழுதி, எந்த நாளில் வருவோம் என்றும் குறிப்போம்.